நீன்யா என்று சொல்லாதவன்

சான்தா ஊர்சுலாவில் தேவாலயத்துக்குப் பின்பக்கத் தெருமுனையில் விடியற்காலைக் கூழ் ஊற்றும் எர்லிந்தாவுக்கு வயது எழுபத்தொன்று. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை "நீன்யா எர்லிந்தா" என்றுதான் கூப்பிடுவார்கள். நீன்யா என்றால் சின்னப்பெண். மூன்று பிள்ளை பெற்று, புருஷனை மண்ணில் வைத்து, பல்லில் பாதி உதிர்ந்த பிறகும் சின்னப்பெண்தான். சொல்லப்போனால் அப்போதுதான் அந்தப் பட்டமே கிடைக்கும். இருபது வயதுக்காரியைப் பார்த்து யாரும் மரியாதையாக அப்படிச் சொல்வதில்லை. நாலு பிரசவத்துக்கு வெந்நீர் வைத்து, நாலு சாவு வீட்டுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, தலையும் நரைத்த பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் சொல்வார். அப்புறம் அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

"டோன்யா" என்று ஒருவன் ஆரம்பித்தால் அவன் நகரத்து ஆள். தொலைபேசி இணைப்பு விற்க வந்திருப்பான், இல்லையென்றால் ஓட்டுக் கேட்க. "சென்யோரா" என்றால் வழிப்போக்கன். அல்லது வீட்டு வேலைக்கு வருகிறவள் எஜமானியம்மாளைச் சொல்வது. எர்லிந்தாவுக்கு ஆளை ஏற இறங்கப் பார்க்கவே வேண்டாம். அடுப்பைப் பார்த்தபடி, வாயிலிருந்து விழும் அந்த ஒரு சொல்லை வைத்தே வந்தவன் எங்கிருந்து வருகிறான், எதைக் கொண்டுபோக வருகிறான் என்று தீர்மானித்துவிடுவாள்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு குரல் "சென்யோரா எர்லிந்தா?" என்று கேட்டதும் அவள் கையிலிருந்த அகப்பை பாதியில் நின்றது.

முகம் தெரியாதவன் சென்யோரா என்பான், சரி. ஆனால் முகம் தெரியாதவனுக்குப் பெயர் எப்படித் தெரியும்?

நாற்பதை எட்டப்போகிற ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். காலணியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"ஆமா. நீங்க யாரு?"

"நான் எல்மர். டெல்மியோட மகன்."

பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த சொய்லாவுக்குக் கூழ் மூக்கில் ஏறிவிட்டது. சொய்லா எதிர் வீட்டுக்காரி, எர்லிந்தாவைவிட மூன்று வயது மூத்தவள். தினமும் முதல் குடுவை அவளுக்குத்தான். கூழுக்காக வருகிறாளா, காதுக்குத் தீனி தேடி வருகிறாளா என்பது அவளுக்கே தெரியாது.

"எந்த டெல்மி?" என்றாள் எர்லிந்தா, தெரியாதவள் போல.

"உங்க பக்கத்து மனை டெல்மி. அம்மா பிப்ரவரியில தவறிட்டாங்க. ஹூஸ்டன்ல. அம்மா உங்ககிட்ட கொடுத்துட்டுப் போன பத்திரத்தை வாங்கிட்டுப் போக வந்தேன்."

எர்லிந்தா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை இட்டுக்கொண்டாள். கை தானாகப் போய்விட்டது. ஆனால் கண் மட்டும் அவன்மேலேயே இருந்தது. ஏனென்றால் போன வருஷமும் ஒருத்தி டெல்மியைச் சாகடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்தில், டெல்மி நாலு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வடக்கே ஓடிப்போனாள். அவள் புருஷன் ராமிரோவை அதற்கு இரண்டு மாதம் முன்னால் ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வரவில்லை. போகும்போது தன் மனைப் பத்திரத்தை நைலான் தாளில் சுற்றி எர்லிந்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வீடு இடிந்து மண்ணாகிவிட்டது. முற்றத்து முந்திரி மரம் மட்டும் நின்றது. பத்திரமும் எர்லிந்தாவின் மரப்பெட்டியில், கல்யாணப் போர்வைக்கு அடியில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பூச்சி அரிக்காமல் நிழலில் உலர்த்தி வைப்பாள். இதெல்லாம் ஊருக்கே தெரியும்.

ஊருக்கு இன்னொன்றும் தெரியும். "பையனையாவது எங்கிட்ட விட்டுட்டுப் போடீன்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். பெத்த மனசு, கேக்கல" என்று எர்லிந்தா சொல்வாள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்றால், அவள் ஆரம்பித்தால் சொய்லா முடிப்பாள். நீன்யா என்ற பட்டம் அவளுக்கு மற்றவர்களைவிடப் பத்து வருஷம் முன்னாலேயே கிடைத்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

இப்போது அந்த மனையை ஒட்டிப் புது சாலை வருகிறது. சாலை வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும் டெல்மிக்குத் திடீரென்று உறவுக்காரர்கள் முளைத்தார்கள். முதலில் ஒரு ஆள், கண்ணீரோடு. அப்புறம் போன வருஷம் உயரச் செருப்புப் போட்ட ஒரு பெண், "டோன்யா எர்லிந்தா, நான் டெல்மி சித்தியோட அக்கா மகள்" என்று, டெல்மி செத்துவிட்டதாக மூன்று முத்திரை குத்திய காகிதத்தோடு வந்தாள். டெல்மிக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. எர்லிந்தா அவளைக் கரித்துணியைச் சுழற்றி விரட்டியதை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். அதிலிருந்து முத்திரை, கையெழுத்து எதையும் அவள் நம்புவதில்லை.

"உக்காருங்க. கூழ் குடிக்கிறீங்களா?" என்றாள் இப்போது வந்தவனிடம்.

"வேணாங்க. சாப்பிட்டுட்டேன்."

காலை ஆறு மணி. ஊரில் வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை. எங்கே சாப்பிட்டான்? எர்லிந்தா அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா வீட்டு முற்றத்துல என்ன மரம்?"

"முந்திரி. இப்பதான் வர்ற வழியில பாத்தேன்."

"பாத்துட்டு வந்து சொல்றான் பாரு!" என்று சொய்லா தொடையைத் தட்டினாள். "நானும் போப்பாண்டவர் வீட்டைப் படத்துல பாத்திருக்கேன், நானும் அவருக்குச் சித்திதான்!"

அவன் லேசாகச் சிரித்தான். "சரியாத்தான் சொல்றீங்க, நீன்யா சொய்லா." கொஞ்சம் முன்னால் தெருவோடு போன பஸ் ஓட்டுநர் அவளை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டிருப்பான் போல.

"நாய் ஒண்ணு இருந்துச்சே. அது பேரு?"

"தெரியலீங்க. அப்ப எனக்கு நாலு வயசுதான்."

"அம்மா சொல்லலையா?"

"அம்மா நாயைப் பத்திப் பேசினதில்ல."

"அப்ப எதைப் பத்தித்தான் பேசினா?"

அவன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து அவளைப் பார்த்தான். தராசுமுள்ளைப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "உங்களைப் பத்திப் பேசினாங்க."

"என்ன சொன்னா?"

"காகித விஷயத்துல உங்களை நம்பலாம்னு சொன்னாங்க, சென்யோரா."

நல்ல வார்த்தைதான். ஆனாலும் எர்லிந்தாவுக்குக் கூழில் கல் கடித்த மாதிரி இருந்தது. காகித விஷயத்துல என்று ஏன் தனியாகச் சொல்கிறான்?

"நாளைக்கு வாங்க. பெட்டிச் சாவி என் மகன்கிட்ட இருக்கு" என்றாள். சாவி அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை எனக்கு விமானம்" என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

அவன் முனை திரும்பும் முன்னாலேயே சொய்லா ஆரம்பித்துவிட்டாள். "டூப்ளிகேட்! நான் எழுதித் தரேன். டெல்மி மகனா இருந்தா உன்னைச் சென்யோராம்பானா? அவ இந்த மண்ணுல புரண்டவ. பிள்ளைக்கு வேற எதைச் சொல்லிக் கொடுக்கலேன்னாலும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாளா? நீ அவனை வளர்க்கறேன்னு கெஞ்சினவ! உன் பேரைச் சொன்னாலே அவன் வாயில தேன் ஊறணும்."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் எர்லிந்தா.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் சோளத்தை ஊறப்போட்டுவிட்டு, துணி காயப்போடுகிற சாக்கில் வேலியோரம் நின்றாள். அவன் மனைக்குள் நின்றான். முந்திரி மரத்தடியிலிருந்து தெருவரைக்கும் காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தான். அப்புறம் குறுக்கே நடந்தான். அளக்கிறான்! சொந்தப் பிள்ளை என்றால் முதலில் மரத்தைத் தொட்டுப் பார்க்க மாட்டானா? ஒரு பழம் பறிக்க மாட்டானா? கீழே கிடந்த பழத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தான்.

சாயங்காலம் சந்தைப் பக்கம் போனபோது, சாலை வேலைக்காரர்களின் மேஸ்திரியோடு அவன் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மேஸ்திரி கையை நீட்டி நீட்டிக் காட்டினான். இவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். எர்லிந்தா ஒரு முட்டைக்கோசைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கவும் செய்யாமல், கீழே வைக்கவும் செய்யாமல், கோசுக்காரி முறைக்கிற வரைக்கும் நின்றாள்.

ஒன்று மட்டும் நிச்சயம். தப்பான ஆளிடம் பத்திரம் போய்விட்டால், முப்பத்தைந்து வருஷம் காத்தது தெருவில் கொட்டிய கூழாகிவிடும். டெல்மி அவளிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை அவன் காகிதங்களோடு வந்தான். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், ஒரு புகைப்படம். எர்லிந்தா முதல் இரண்டையும் தொடவே இல்லை. "முத்திரை குத்தற மிஷின் இப்ப கடையிலேயே விக்குது" என்றாள்.

புகைப்படத்தை மட்டும் வாங்கினாள். ஏதோ சலவைக்கூடத்து வாசலில், நீல மேலங்கி போட்டு, நரைத்த தலையோடு ஒருத்தி நின்றாள். முகம் ஊதிப்போய், மூக்குக் கண்ணாடி போட்டு, யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் இடது பாதத்தை வலது பாதத்தின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றாள். டெல்மி தண்ணீர்க் குழாயடியில் அப்படித்தான் நிற்பாள், கொக்கு மாதிரி. எர்லிந்தா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உடனே கையை இறக்கினாள். உலகத்தில் ஒரு பெண்ணுக்குத்தான் அப்படிக் கால் வலிக்குமா?

"யாரோ ஒரு பொம்பளை" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பெஞ்சில் சொய்லா காத்துக்கொண்டிருந்தாள். "ஏன் ராசா, ஒண்ணு கேக்கறேன். திருட்டுச் சேவல் மாதிரி எப்பப் பாத்தாலும் தலையைச் சாய்ச்சுக்கிட்டே நிக்கறியே, அது என்ன பழக்கம்?"

"இடது காது கேக்காதுங்க, நீன்யா சொய்லா. சின்ன வயசுல காய்ச்சல் வந்ததுல போயிடுச்சு."

"எங்கே வந்துச்சு? ஹூஸ்டன்லயா? அங்கே டாக்டர் இல்லையா?"

"போற வழியில. மெக்சிகோவுல, கூட்டிட்டுப் போன தரகனுங்க ஒரு கிடங்குல மூணு வாரம் பூட்டி வெச்சிருந்தாங்க. டாக்டர் ஏது? அம்மா துணியை நனைச்சு நனைச்சுப் போட்டாங்க, அவ்வளவுதான்."

சொய்லா ஒரு வாய் குடித்தாள். அவளுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ஆனால் அவள் விட்டுவிடுகிற ஆள் இல்லை. "சரி, அது போகட்டும். இந்த ஊர்ல பெரிய மனுஷியை எப்படிக் கூப்பிடணும்னு உங்கம்மா சொல்லித் தரலையா? நீன்யா எர்லிந்தா. எங்கே, சொல்லு. வாய் சுளுக்கிக்குமா?"

"அதெல்லாம் சொல்லித் தந்தாங்க. உங்களை நான் அப்படித்தானே கூப்பிடறேன்?"

உண்மைதான். நேற்றிலிருந்து அவளை நீன்யா சொய்லா என்றுதான் சொல்கிறான். தேவாலயம் கூட்டுகிற கிழவியிடம் நேற்று "நகருங்க நீன்யா லாலா, வாளியை நான் தூக்கறேன்" என்றதை எர்லிந்தாவே காதால் கேட்டிருந்தாள். நேற்று அது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. இவனுக்கு அந்தச் சொல் தெரியாமல் இல்லை. ஊரில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஒருத்திக்கு மட்டும் கொடுக்காமல் கையை மூடிக்கொண்டிருக்கிறான்.

"அப்ப இவளுக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்றாள் சொய்லா.

அவன் தொப்பியின் விளிம்பைத் தடவினான். "எங்க வீட்டுல அவங்களை அப்படித்தான் சொல்லுவோம். சென்யோரா எர்லிந்தான்னு."

"ஏனாம்?"

"அதை அம்மாவைத்தான் கேக்கணும், நீன்யா சொய்லா. இப்பக் கேக்க முடியாது."

சொல்லிவிட்டு அவன் எர்லிந்தாவைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. வாசலில் நின்று, உள்ளே இருப்பவர் கதவைத் திறப்பாரா என்று பார்க்கிறவனைப் போலப் பார்த்தான்.

எர்லிந்தா அடுப்பை ஊதக் குனிந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் காலையை அவள் முப்பத்தைந்து வருஷமாக வேறு விதமாகச் சொல்லிச் சொல்லி, சொன்னதுதான் நடந்தது என்று ஆகிவிட்டிருந்தது. இப்போது ஒரே ஒரு சொல் அதன்மேல் பட்டு, பூசினது எல்லாம் உதிர்ந்தது.

நவம்பர் மாதம். மலையிலிருந்து குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டெல்மி பின்வாசல் வழியாக வந்தாள். ஒரு கையில் நைலான் சுற்றிய பத்திரம், இன்னொரு கையில் பையன். "ரெண்டையும் வெச்சுக்கோ. ஆறு மாசம்தான். போய் ஒரு இடத்துல நின்னுட்டு ஆளனுப்பறேன். இவன் வழி தாங்க மாட்டான், எர்லிந்தா" என்றாள். எர்லிந்தாவுக்கு உள்ளே மூன்று பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. முந்தின நாள்தான் சிப்பாய்கள் தெருவில் வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ராமிரோவின் பிள்ளை. யார் பிள்ளை என்று கேட்டால் என்ன சொல்வது? கன்னத்துக் குழி வரைக்கும் அப்படியே ராமிரோ. எர்லிந்தா பத்திரத்தை வாங்கிக்கொண்டாள். பையன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டெல்மியின் கையில் கொடுத்தாள். "காகிதம் அழாது, டெல்மி. ஒளிச்சு வெப்பேன். இவனை எங்கே ஒளிக்கிறது?" என்றாள்.

டெல்மி பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம், அதுவரைக்கும் வாடீ போடீ என்று பேசிக்கொண்டிருந்தவள், "சரிங்க சென்யோரா" என்றாள். வேலைக்காரி எஜமானியிடம் சொல்வது போல. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அங்கே அவர்கள் இரண்டு பேரையும் அந்தப் பையனையும் தவிர வேறு யாரும் இல்லை. இந்த உலகத்தில் எந்த ஏமாற்றுக்காரனுக்கும், எந்த முத்திரைக்காரனுக்கும், எவ்வளவு விசாரித்தாலும் கிடைக்காத விஷயம் அது. டூப்ளிகேட்டாக இருந்திருந்தால் வந்ததும் நீன்யா, நீன்யா என்று காலைச் சுற்றியிருப்பான்.

"நாளைக்கு வாங்க" என்றாள் எர்லிந்தா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் வலது காதைத் திருப்பினான். "நாளைக்கு" என்று மறுபடி சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில் பெட்டியைத் திறந்து பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொய்லா வந்தாள். வாசற்படி ஏறும்போதே பேச்சு. "எல்லாம் பேசி முடிச்சுட்டேன். காலையில டான் நெத்தோ வரார், நம்ம ஊர்க் கமிட்டித் தலைவர். நீ ஒண்ணும் பண்ண வேணாம். இவன் இல்லைன்னு அவர் முன்னால ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவர் பஸ்ஸேத்தி விட்டுருவார். வெள்ளிக்கிழமை விமானமாம், போகட்டும், வானத்துல போய் ஏமாத்தட்டும்."

"சொய்லா..."

"என்ன, பயமா இருக்கா? முகமெல்லாம் மாவு மாதிரி இருக்கு. டெல்மி மேலேருந்து பாத்துக்கிட்டுதான் இருப்பா. அவ பிள்ளையைக் கேட்டவ நீ, அவ மனையையும் காப்பாத்தறே. உன்னை நீன்யாங்காம வேற யாரைச் சொல்லுவாங்க?"

சொய்லா போன பிறகும் எர்லிந்தா அசையவில்லை. எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு வார்த்தை. அவன் போய்விடுவான். பத்திரம் பெட்டிக்குள் போய்விடும். அவள் கதை அவளோடு இருக்கும். சாவு அன்றைக்குப் பாதிரியார் அதையே சொல்லிப் பிரசங்கம்கூடச் செய்வார். இரண்டு நாளாக அவனிடம் குற்றம் தேடினாளே, நாயின் பெயர், காலடி, முட்டைக்கோசு, அதெல்லாம் பத்திரத்தைக் காப்பாற்றத்தானா? புகைப்படத்தில் அந்தக் காலைப் பார்த்ததும் ஏன் அவ்வளவு அவசரமாகத் திருப்பிக் கொடுத்தாள்? இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து சோளம் அரைக்கப் போனாள். அரைத்து முடிக்கிற வரைக்கும் பதில் அவள் கூடவே இருந்தது.

வியாழக்கிழமை காலை பெஞ்சில் இடமில்லை. சொய்லா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். பஸ் ஓட்டுநர் வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து நின்றான். டான் நெத்தோ சலவைச் சட்டை போட்டு, கைத்தடியை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்மர் வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"காலை வணக்கம், சென்யோரா எர்லிந்தா" என்றான்.

"கேட்டீங்களா, டான் நெத்தோ?" என்றாள் சொய்லா. "இன்னிக்கும் அதேதான். திருந்தற ஜாதியில்ல."

டான் நெத்தோ தொண்டையைச் செருமினார். "நீன்யா எர்லிந்தா, நீங்க சொல்லுங்க. இந்த ஆள் டெல்மி மகன்தானா?"

எர்லிந்தா அகப்பையைக் கீழே வைத்தாள். கையை மேலங்கியில் துடைத்தாள். சட்டைக்குள்ளிருந்து நைலான் சுற்றிய கட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இவன்தான்."

சொய்லா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். குரல் கீச்சென்று வந்தது. "எப்படிச் சொல்றே? நாய் பேரு தெரியல, மரத்தைப் பாத்துட்டுச் சொன்னான், உன்னைச் சென்யோராங்கறான்..."

"அதனாலதான் சொல்றேன். சென்யோராங்கறான்ல, அதனாலதான்."

"புரியலையே."

எர்லிந்தா கூட்டத்தைப் பார்க்கவில்லை. கூழைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் கெஞ்சல. டெல்மிதான் கெஞ்சினா. பத்திரத்தையும் பிள்ளையையும் ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்தா. நான் பத்திரத்தை வாங்கிக்கிட்டு, பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துட்டேன். என் பாவாடையைப் பிடிச்சிருந்தான். விரலைப் பிரிச்சுவிட்டேன். பயம். அன்னிக்கு என்னைச் சென்யோரான்னு சொல்லிட்டுப் போனா. அதை அவ யார்கிட்ட சொல்லியிருக்கப் போறா? இவன்கிட்டதான் சொல்லியிருப்பா."

பஸ்ஸின் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. டான் நெத்தோ கைத்தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷத்தில் தெருவில் எத்தனை கதவுகள் மூடியிருந்தன என்று அவருக்கும் தெரியும். அதில் ஒரு கதவு அவருடையது. ஆனால் அவர் அதைப் பற்றிக் கெஞ்சினேன், அழுதேன் என்று யாரிடமும் கதை சொன்னதில்லை. அதுதான் வித்தியாசம்.

எல்மர் நைலானைப் பிரித்தான். தாளில் கறையில்லை, மடிப்புக்கூடக் கிழியவில்லை. கடைசிவரைக்கும் படித்தான்.

"மனையை என்ன பண்ணப் போறே?" என்று எர்லிந்தா கேட்டாள். கேட்கும் உரிமை இல்லை என்று தெரிந்துதான் கேட்டாள்.

"வித்துடுவேன், சென்யோரா. மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். எனக்கு இங்கே ஒண்ணும் இல்ல."

"மரம்?"

"அதுவும் போகும்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் போகப்போகிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தான். பஸ் ஓட்டுநர் நகர்ந்து இடம் விட்டான். எல்மர் உட்கார்ந்தான்.

"கூழ் ஒரு குடுவை கொடுங்க. சின்னதா."

அவள் குடுவையில் வெந்த பயறைப் போட்டு, அதன்மேல் கூழை ஊற்றினாள். மேலே பூசணிவிதைப் பொடி தூவி, மிளகாய்ச் சாறு ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடுவையை இரண்டு கையாலும் ஏந்தி மெதுவாகச் சுழற்றிச் சுழற்றிக் குடித்தான். கடைசியில் அடியில் தங்கின பயறுக்காகக் குடுவையை அண்ணாந்து கவிழ்த்து, உள்ளங்கையால் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினான். அந்தத் தெருவில் பிறந்தவர்கள் அப்படித்தான் குடிப்பார்கள். ஹூஸ்டனில் ஒருத்தி தன் பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க" என்றான், வாயைத் துடைத்துக்கொண்டே. "பயப்பட்டது தப்பில்லேன்னாங்க. நானா இருந்தாலும் பயந்திருப்பேன்னாங்க." தொப்பியை எடுத்துக்கொண்டான். "அதுக்கப்புறமும் உங்களைச் சென்யோரான்னுதான் கூப்பிட்டாங்க."

எழுந்தான். குடுவையை அவள் கையிலேயே கொடுத்தான். "வரேன், சென்யோரா. வரேன், நீன்யா சொய்லா." பஸ் ஏறிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எர்லிந்தா வழக்கம்போல அடுப்பு மூட்டினாள். வந்தவர்கள் வந்தார்கள். சிலர் வரவில்லை. வந்தவர்களில் பஸ் ஓட்டுநர் "காலை வணக்கம்" என்றான். அதற்குப் பின்னால் ஒன்றையும் சேர்க்கவில்லை. லாலா கிழவி காசை வைத்துவிட்டுக் குடுவையைக் காட்டினாள். எர்லிந்தா ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சொல் விழும் என்று. இத்தனை வருஷமாகப் பிறரை எடைபோட்ட சொல் இப்போது அவளை எடைபோடுகிறது.

பெஞ்சில் சொய்லாவின் இடம் காலியாகவே இருந்தது. ஏழு மணி ஆயிற்று. ஏழரை ஆயிற்று. பானையில் ஒரு குடுவைக்கு மட்டும் எர்லிந்தா விட்டு வைத்திருந்தாள்.

எட்டு மணிக்கு எதிர் வீட்டுக் கதவு திறந்தது. சொய்லா வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து, உட்காராமல் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"முப்பத்தஞ்சு வருஷம்" என்றாள். "உன் கதையை என் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் நான் சொல்லியிருக்கேன். என் தங்கச்சிக்கு லெட்டர்லகூட எழுதியிருக்கேன்."

"தெரியும்."

"என்னைப் பொய்க்காரியாக்கிட்டே."

"ஆமா."

சொய்லா தெருவைப் பார்த்தாள். முந்திரி மரத்தைப் பார்த்தாள். சாலைக்காரர்கள் அதில் அதற்குள் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டிருந்தார்கள். பிறகு கையை நீட்டினாள்.

"ஊத்து."

எர்லிந்தா ஊற்றினாள். சொய்லா நின்றபடியே குடித்தாள். அண்ணாந்து கவிழ்த்து, இரண்டு தட்டு. குடுவையை மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு உப்பு கொஞ்சம் கூடப் போடு, எர்லிந்தா" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. எர்லிந்தா காலிப் பானையைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். நாளைக்கான உப்பை மறக்காமல் இருக்க, உப்புக் கிண்ணத்தை எடுத்து அடுப்பின் மேலேயே வைத்தாள்.